நீச்சல் தெரியும் என்று எழுதியவள்

தேர்வுத் தாள்களையும் விடுப்பு விண்ணப்பங்களையும் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத நான், ஒரு கதையை எழுதி உங்கள் முன் வைக்கத் துணிந்தமைக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கையில் நான் ஏன் எழுத வேண்டும் என்று பலமுறை யோசித்தேன். இந்தச் செய்தியைத் தொடக்கம் முதலே அறிந்தவர்கள் இருவர் மட்டுமே. ஒருத்தி இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே மற்றவளாகிய நான் எழுதுகிறேன். குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் பெயர் ரெஜிலா. நெய்யூருக்கு அருகே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு குளமும் அதன் கரையில் இருபது வீடுகளும் உள்ள சிறிய ஊர் எங்களுடையது. லீமா, குளச்சலுக்குக் கிழக்கே உள்ள ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாங்கள் ஒன்றாகப் படித்தோம். அவள் மிகுந்த உயரம் என்பதால் ஆசிரியைகள் அவளை எப்போதும் கடைசி பெஞ்சில் அமர்த்தினார்கள். கண்ணாடி அணிந்திருந்த நான் முன் வரிசையில் இருக்க வேண்டியவள். கரும்பலகை சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று அவளுக்காகக் கடைசி பெஞ்சுக்குப் போனேன்.

லீமாவின் தந்தை ஞானதாசன் மாமா மீன்பிடித் தொழிலாளி. சில ஆண்டுகள் பஹ்ரைனில் ஓர் அரபியின் படகில் வேலை பார்த்தவர். தம் முதல் விமானப் பயணத்தைப் பற்றி அவர் சொல்லும் கதை அந்தக் கடற்கரையில் எல்லாருக்கும் மனப்பாடம். அவர்கள் வீட்டில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன்.

“கக்கூசுக் கதவு தொறக்கத் தெரியல்ல மக்கா. ஓரத்தப் பிடிச்சு இழுக்கேன், வரல்ல. பைலட்டுக்க அறையோண்ணு பேடிச்சுப் போச்சு. ஒரு பெண்ணு வந்து இங்கிலீசுல என்னமோ பறஞ்சா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. திரும்பி வந்து சீட்டுல இருந்தேன். நாலு மணிக்கூறு! எறங்கின ஒடன ஓடினேன் பாரு ஓட்டம், விளிக்க வந்த அரபி நெனச்சான், நான் தப்பிச்சு ஓடுகேன்னு.”

எல்லாரும் சிரிப்போம். லீமாவும் சிரிப்பாள். ஆனால் ஒருநாள் வகுப்பில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா சிரிச்சிட்டேதான் சொல்லுவாரு. அந்த நாலு மணிக்கூறும் ஒரு சொட்டு தண்ணி குடிக்கல்ல, கேட்டியா? அவங்க கொண்டு வந்த சாப்பாட்டையும் தொடல்ல. அடக்க முடியாதுண்ணு பேடி.”

பிறகு எழுந்து நின்று, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கைகளை விமானப் பணிப்பெண்ணைப் போல நீட்டி அறிவித்தாள்: “அன்பான பயணிகளே! கக்கூசுக் கதவ யாரும் இழுக்காண்டாம். நடுவுல அமுக்குங்க, மடங்கிக்கிடும். இது தமிழ் ஆளுவளுக்குள்ள தனி அறிவிப்பு.”

வகுப்பே அதிர்ந்தது. ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் விமானப் பணிப்பெண் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அவள் வேண்டியதில்லை.

2022 ஜூனில் தேர்வு முடிவு வந்தது. அந்த வாரமே ஒரு விமான நிறுவனம் ஆள் எடுப்பதாக அறிவித்தது. விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஆங்கிலம் எனக்குச் சற்று நன்றாக வரும் என்பதால் லீமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா பழம்பொரி பொரித்து வைத்திருந்தார்கள். அவள் தின்றுகொண்டே பதில் சொல்ல, நான் நிரப்பிக்கொண்டு போனேன். உயரம், எடை, பேசும் மொழிகள், உடலில் வெளியே தெரியும் தழும்புகள். அதன் பிறகு ஒரு கேள்வி: நீச்சல் தெரியுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

“கடப்புறத்துக்காரிட்ட கேக்கிய கேள்வியப் பாரு!” என்று சிரித்துக்கொண்டே, அவளைக் கேட்காமல் ‘ஆம்’ என்ற கட்டத்தை அழுத்தினேன்.

லீமா மெல்லுவதை நிறுத்தினாள். “போட்டாச்சா?” என்றாள்.

“போட்டாச்சு.”

“ம். செரி.”

கையிலிருந்த எண்ணெயைச் செய்தித்தாள் துண்டில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். உண்மையைச் சொல்ல அவளுக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் அவ்வளவு நேரம் இருந்தது. நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நான் ஏன் அவ்வாறு செய்தேன் என்பதை விளக்க வேண்டியது என் கடமை. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் எல்லாரும் குளத்தில் குளித்துத்தான் வளர்கிறோம். ஏழு வயதில் வாழைத்தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீந்தப் பழகினேன். எட்டு வயதில் அக்கரைக்குப் போய்த் திரும்பினேன். குளத்தங்கரையில் பிறந்த எனக்கே இவ்வளவு தெரியுமென்றால், கடற்கரையில் பிறந்தவளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்பில் முட்டம் கடற்கரைக்கு எங்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, கடலில்லாத ஊர்ப் பிள்ளைகளாகிய நாங்கள் ஆசிரியையின் ஏச்சையும் பொருட்படுத்தாமல் இடுப்பளவு நனைந்தோம். லீமா மட்டும் கணுக்கால் அளவு நீரில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் பார்க்கும் கடல் அவளுக்குச் சலித்திருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

நேர்முகத் தேர்வு திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்தது. லீமாவின் தாயார் விக்டோரியா மாமியும் நானும் உடன் சென்றோம். வெறுங்காலில் நின்று சுவரில் உயரே போட்டிருந்த கோட்டை விரலால் தொட வேண்டும். பலர் எம்பி எம்பிப் பார்த்தார்கள். லீமா குதிகாலைக்கூட உயர்த்தாமல் தொட்டாள். பயணிகளுக்கு நீ என்ன செய்வாய் என்று கேட்டபோது, தன் தந்தையின் நான்கு மணி நேரத்தை ஆங்கிலத்தில் சொன்னாளாம். கேள்வி கேட்ட அம்மையார் முதலில் சிரித்து, பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். மாலையில் வாசித்த பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருந்தது.

திரும்பும் வழியில் களியக்காவிளையில் இறங்கிச் சாயா குடித்தோம். மாமி குவளையைத் தொடவில்லை. தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி தேச்சாலும் மீன் மணம் போவாத கையி, ரெஜிலா. இந்தக் கையப் பிடிச்சோண்டுதான் அவ்வளோ பெரிய ஓட்டலுக்க உள்ள ஏறினா எனக்க மோளு.”

“இனி நீங்க பிளேன்ல ஏறும்ப நான்தான் கையப் பிடிப்பேன்” என்றாள் லீமா. “சீட்டுல இருந்து பெல்ட்டையும் போட்டு விடுவேன். மத்தவங்களுக்கு ஒரு ஜூஸு, எனக்க அம்மைக்கு ரெண்டு.”

ஒரு வாரத்துக்குள் லீமாவின் ஊரில், மாதா கோவிலின் எதிரே ஃபிளக்ஸ் பலகை வைத்தார்கள். நீலப் பின்னணி, ஒரு விமானம், அதைவிடப் பெரிதாக லீமாவின் முகம். ‘எங்கள் ஊரின் முதல் வானதேவதை’ என்று எழுதியிருந்தது. “தேவதைண்ணு போட்டுட்டானுவளே, ஃபாதர் என்ன சொல்லுவாரோ” என்று மாமி கவலைப்பட்டார். ஆனாலும் மீன் கூடையுடன் போகும்போதும் வரும்போதும் அந்த வழியாகவே சுற்றிப் போனார்.

பயிற்சி வடக்கே, டெல்லிக்குப் பக்கத்தில். அது தொடங்கப் பதினாறு நாட்கள் இருக்கும்போது கால அட்டவணை மின்னஞ்சலில் வந்தது. மறுநாள் காலையின் முதல் மினி பஸ்ஸிலேயே லீமா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைத் தோட்டத்துப் பக்கம் அழைத்துப் போனாள்.

“மூணாவது வாரம் தண்ணியில பரீட்சையாம், ரெஜி. இருவத்தஞ்சு மீட்டர் நீந்திக் காட்டணுமாம்.”

“அதுக்கென்ன?”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“சத்தியமா, ஏட்டி. முட்டுக்கு மேல நான் கடல்ல எறங்கினதே கெடயாது. எங்க ஊர்ல பெண்ணுவ எறங்காது. சின்னதுல ஒருக்க எறங்கினதுக்கு அம்மை துடுப்பு எடுத்து அடிச்சா. கடல்ல ஆம்பளையளுக்குத்தான் சோலி.”

“பெறவு அண்ணைக்கு ஏன் சொல்லல்ல?”

“நீ சிரிச்சிட்டே போட்டியே. கடல்காரிக்கு நீச்சல் தெரியாதுண்ணு எப்பிடி சொல்லியது? வெக்கமா இருந்து.” பிறகு, “கம்பெனிக்கு எழுதுவமா? தெரியாம போட்டுட்டோம், நீச்சல் தெரியாதுண்ணு?” என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நான் நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே எழுத வேண்டும். விண்ணப்பத்தின் கடைசியில், தவறான தகவல் தந்தால் தேர்வு ரத்தாகும் என்று ஒரு வரி இருந்ததை நான் படித்திருந்தேன். அந்தக் கட்டத்தை அழுத்திய விரல் என்னுடையது என்பதும் நினைவுக்கு வந்தது. அவளுக்காகப் பயந்தது எவ்வளவு, எனக்காகப் பயந்தது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்தறிய முடியவில்லை.

“வேண்டாம்” என்றேன். “எழுதினா கேன்சல் பண்ணிப் போடுவாங்க. பதினாறு நாள் கெடக்குல்லா? நான் படிப்பிச்சுத் தாறேன்.”

மறுநாள் தொடங்கினோம். வாழைத்தடி ஒன்றை வெட்டி வந்தேன். முதல் இரண்டு நாட்கள் அவளால் முகத்தை நீரில் வைக்கவே இயலவில்லை. மூன்றாம் நாள் வைத்தாள். கால்கள் மட்டும் கல்லைக் கட்டியது போலக் கீழே இறங்கின. துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சத்தியபாய் மாமி இதைக் கவனித்தார்.

“அவ்வளோ பெரிய கடல அங்க போட்டுட்டு இந்தக் குட்டையிலயா நீச்சல் படிக்கிய, பிள்ளே?”

“கடல்ல சோப்பு நொரைக்காது மாமி, அதான் இஞ்ச வந்தேன்” என்றாள் லீமா. மாமியும் சிரித்தார்.

ஐந்தாம் நாள் காலை தடியை விட்டுவிட்டுக் கை வீசி நீந்தினாள். ஒரு கை, இரண்டு கை, மூன்று, நான்கு. பிறகு கால் ஊன்றி எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை விலக்கிக்கொண்டு கத்தினாள்: “பாத்தியா? ஏட்டி, பாத்தியா? நாலு!” கரையில் நின்ற பசு திரும்பிப் பார்த்தது. இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் அவள் நீந்தியிருப்பாள். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

அன்று பிற்பகல் விக்டோரியா மாமி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வந்தார். சத்தியபாய் மாமி சாளைக்கு விலை பேசினார். அவர் கெட்ட எண்ணத்தோடு எதுவும் சொல்பவர் அல்லர். “பத்து மீன் கூடுதலாப் போடு. ஒனக்க மோளுக்கு எங்க கொளத்துல நீச்சல் படிப்பிச்சதுக்குள்ள கூலிண்ணு வச்சுக்கோ” என்றார்.

விக்டோரியா மாமி பத்து மீன் கூடுதலாகப் போட்டார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். என்னை ஏசுவார் என்று நினைத்தேன்.

“மோளே, நீ நல்லா இருப்ப. இனி அவள விளிக்காண்டாம். இண்ணைக்கு இந்தத் தெரு சிரிச்சு. நாளைக்கு கடப்புறம் பூரா சிரிக்கும். பெறவு அந்த போர்டுக்க முன்னால நான் எப்பிடி நடப்பேன்? அங்க போயி படிச்சுக்கிடுவா. ஆளெடுத்த கம்பெனிக்காரன் இதையும் படிப்பிச்சுக் குடுக்க மாட்டானா?”

ஆங்கிலம் படித்த எனக்கு அந்தப் பேச்சு அறியாமையாகத் தோன்றியது. இருந்தாலும், “சரி மாமி” என்றேன். குளத்துக்கு லீமா மறுபடி வரவில்லை.

நிறுவனம் விமானச் சீட்டு அனுப்பியிருந்தது. போய் இறங்கியதும் முதல் அழைப்பு எனக்குத்தான். “வேணும்ணே எழும்பிப் போயி தொறந்து பாத்தேன், ஏட்டி. நடுவுல அமுக்கினா அப்பிடியே மடங்குது. அப்பாட்ட சொல்லணும்!”

முதல் வாரம் முழுவதும் அவள் குரல் அப்படியே இருந்தது. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு மாலை அழைத்தபோது மாறியிருந்தது.

“ரெஜி, இஞ்ச ஏழு பேரு ‘நீச்சல் தெரியாது’ண்ணு போட்டிருக்காளுவ. அவளுவளுக்கு வந்த மொத நாளு தொட்டே சாயங்காலம் தனியா கிளாஸ் நடக்குது. இப்பம் எல்லாவளும் நீந்தியாளுவ. ஒருத்தி ராஜஸ்தான்காரி. அவளுக்க ஊர்ல ஆறே கெடயாதாம். அவளும் நீந்தியா.”

விக்டோரியா மாமி எங்கள் வாசலில் நின்று சொன்னதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது. ‘இல்லை’ என்ற கட்டத்தை அழுத்தியிருந்தால் போதும். வேலையும் போயிருக்காது, நீச்சலும் வந்திருக்கும்.

“நீயும் போயி சேரேன்” என்றேன்.

“கேட்டேன். லிஸ்ட்ல உள்ளவளுவளுக்கு மட்டுந்தானாம். நீ கடற்கரைப் பெண்ணுல்லா, ஒனக்கெதுக்குண்ணு சார் சிரிச்சாரு.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “உண்மையச் சொல்லிரட்டா, ரெஜி?”

இரண்டாம் முறையும் அவள் என்னிடம்தான் கேட்டாள். இரண்டாம் முறையும் நான் வேண்டாம் என்றே சொன்னேன். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்றேன். அந்த நான்கு கையை நினைத்துக்கொண்டு குதித்துவிடு, மற்றது தானாக வரும் என்றேன்.

பரீட்சை பத்தொன்பதாம் நாள் நடந்தது. குதித்தாள். நான்கு கை போட்டாள். ஐந்தாவது வரவில்லை. பயிற்சியாளர் நீண்ட கம்பை நீட்டி அவளைக் கரை சேர்த்தார். அன்று மாலையே அலுவலகத்துக்கு அழைத்து, விண்ணப்பத்தின் நகலை மேசையில் வைத்து, இதை யார் நிரப்பியது என்று கேட்டார்கள். “நான்தான்” என்றாளாம்.

ஊருக்குத் திரும்பியதும், ஒரே ஒருமுறை, தொலைபேசியில் இவற்றை என்னிடம் சொன்னாள். அழாமல் சொன்னாள். கடைசியாக, “நீச்சல் தெரியாததுக்கு வெளிய அனுப்பல்ல, ரெஜி. தெரியும்ணு சொன்னதுக்கு” என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுபடி நான் அழைத்தபோதெல்லாம் மணி அடித்து ஓய்ந்தது.

போகும்போது மூன்று மணி நேரம் பறந்தவள், திரும்பும்போது முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் இரண்டு நாட்களுக்கும் மேலாக வந்திருந்தாள்.

பத்து நாள் தயங்கிவிட்டு, மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோவிலின் எதிரே பலகையின் சட்டம் மட்டும் நின்றது. ஞானதாசன் மாமா கரையில், கவிழ்த்த வள்ளத்தின் பக்கத்தில் அமர்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அருகில் படகின் இன்ஜின் மேல் அந்த ஃபிளக்ஸைப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார். படம் உள்பக்கமாக இருந்தது. வெளியே வெறும் வெள்ளை.

நான்தான் அந்தக் கட்டத்தை அழுத்தினேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் நாப்பது வருசம் கடல்ல கெடந்தவன். வேற நாட்டுக் கடல்லயும் கெடந்தேன். எனக்க மோளுக்கு நீச்சல் தெரியாதுண்ணு எனக்கே தெரியாது மக்கா. நீ எப்பிடி அறிவ?” என்றார். பிறகு, “ஒரு வாரம் போதும். நம்ம வள்ளத்துக்க பின்னால ஒரு கயித்தக் கெட்டி விட்டிருந்தா, ஒரு வாரத்துல படிச்சிருப்பா. எனக்குத் தோணல்ல பாரு” என்றார்.

வீட்டுக்குள் லீமா இருந்தாள். அவளுக்குத் தலைவலி என்று விக்டோரியா மாமி வாசலிலேயே சொன்னார். எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை அறைக் கதவு திறக்கவில்லை.

நான் நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது தமிழில் முதுகலை படிக்கிறேன். லீமா மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில், சுடிதார் பிரிவில் நிற்கிறாள். சென்ற மாதம் அந்தக் கடைக்குப் போக நேர்ந்தது. அவள்தான் என்பது தெரியாமல் அந்தப் பக்கம் போனேன் என்று எழுதினால் பொய்யாகும். தெரிந்தே போனேன். கொண்டையை வலைபோட்டு முடிந்து, முதுகை நேராக வைத்து, கைகளை முன்னால் கோத்து நின்றாள். பத்தொன்பது நாளில் கற்றுக்கொண்ட நிற்கும் முறை அது.

“வாங்க, என்ன பாக்கிறீங்க?” என்றாள். முகத்தைப் பார்த்த பின்னும் அந்தப் புன்னகை மாறவில்லை.

“ஏட்டி, லீமா…”

“புது மாடல் எல்லாம் மேல் மாடியில இருக்குங்க. லிஃப்ட் அந்தப் பக்கம்” என்று கையை நீட்டிக் காட்டினாள். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரியும்படி.

நான் லிஃப்டில் ஏறி மேலே போனேன். ஒன்றும் வாங்காமல் படி வழியாக இறங்கி வெளியே வந்தேன்.

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். லீமாவுக்கு, அவள் விரும்பிய ஒரே வேலை போயிற்று. ஞானதாசன் மாமா விமானக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். விக்டோரியா மாமி எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருவதில்லை, விமானத்தில் ஏறவுமில்லை. அந்த நான்கு கை நீச்சல் இப்போது அவளுக்கு மறந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் இழந்தது, ஏழு ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஒருத்தியை. இவ்வளவுதான்.